பிக்அப் வண்டிக்கு டிராலி ஜாக்கி: எதை வாங்கறது, எப்படி தூக்கறது, எங்க தப்பு நடக்குது

எங்க ஷெட்டுக்கு புதுசா வேலைக்கு வர்ற பசங்க எல்லாரும் முதல் நாள் ஒரே மாதிரிதான் பண்ணுவாங்க. வண்டி உள்ள வந்து நின்னதும் டிராலி ஜாக்கியை, அதாங்க சக்கரத்துல உருளுற ஜாக்கியை, கடகடன்னு இழுத்துட்டு அடியில விட்டு பம்ப் அடிக்க ஆரம்பிச்சிருவாங்க. "தம்பி, சக்கரத்துக்கு கட்டை குடுத்தியா"ன்னு கேட்டா அப்பதான் நின்னு திரும்பிப் பாப்பாங்க. ஜாக்கி உடைஞ்சு வண்டி விழுந்து நான் பாத்ததில்லைங்க, வண்டி நகந்து ஜாக்கி மேல இருந்து வழுக்கினதைத்தான் பாத்திருக்கேன். அதனால இதுல பாதிக்கு மேல ஜாக்கியைத் தொடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைதான் வரும், போரடிக்குதுன்னு தாண்டிப் போயிராதீங்க.

நான் சொல்றது பொலேரோ பிக்அப், டி-மேக்ஸ், ஹைலக்ஸ் மாதிரி தனி சேசிஸ் மேல பாடி உக்காந்திருக்கிற வண்டிகளுக்கு. காருக்கு தூக்கற இடமே வேற, இதை அப்படியே அங்க கொண்டு போகாதீங்க.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

எல்லாரும் முதல்ல எத்தனை டன்னுன்னுதான் கேக்கறாங்க. பிக்அப்புக்கு டன்னை விட உயரம்தான் முக்கியம். காலி வண்டியை சமதளத்துல நிறுத்தி மூணு அளவு எடுத்து பேப்பர்ல எழுதிக்கங்க: தரையில இருந்து, ரெண்டு பின்சக்கரத்தையும் சேக்கிற பின் ஆக்ஸில் குழாயோட அடிப்பக்கம் வரைக்கும் எவ்வளவு, நடுவுல உருண்டையா தொங்குற ஹவுசிங்கோட அடிப்பக்கம் எவ்வளவு, சேசிஸ் சட்டத்தோட அடிப்பக்கம் எவ்வளவு.

இது எதுக்குன்னா, சாதாரண 3 டன் டிராலி ஜாக்கி கீழ 13, 14 செ.மீ.ல ஆரம்பிச்சு மேல 45ல இருந்து 50 செ.மீ.க்குள்ள நின்னுரும். பிக்அப்போட சேசிஸ் சட்டமே கிட்டத்தட்ட அந்த உயரத்துலதான் இருக்கும். அப்ப ஜாக்கி சட்டத்தைத் தொடறப்பவே அதோட உயரம் தீந்து போயிருக்கும், சக்கரம் தரையை விட்டு எழும்பாது. அதுலயும் சேசிஸ்ல வெச்சு தூக்கினா முதல்ல பட்டை (ஆக்ஸில் மேல இருக்கிற ஸ்பிரிங் தகடு) நீட்டி ஆக்ஸில் கீழ தொங்கும், அந்த தொங்கல் முழுசா முடிஞ்சப்புறம்தான் டயரே கிளம்பும். ஆக்ஸில்ல வெச்சா அந்தப் பிரச்சனை இல்ல, நாலு அங்குலம் தூக்கினா டயரும் கிட்டத்தட்ட நாலு அங்குலம் வரும்.

சேசிஸ்ல வெச்சுதான் ஆகணும்னு வேலை இருந்தா, உதாரணத்துக்கு பட்டையையே கழட்டணும்னா, எஸ்யூவிக்குன்னே வர்ற 60 செ.மீ.க்கு மேல எழும்பற ஜாக்கி பாருங்க. குட்டி ஜாக்கி வாங்கிட்டு மேல மரக்கட்டை வெச்சு சமாளிச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அது ஏன்னு கீழ வருது.

2. எத்தனை டன்

ஆர்.சி.ல காலி எடை, லோடோட மொத்த எடை ரெண்டும் போட்டிருக்கும், பாத்துக்கங்க. நம்ம ஊர்ல ஓடுற பிக்அப் காலியா இருந்தா பெரும்பாலும் ஒன்றரை டன்னுக்கு மேல, ரெண்டு டன்னை ஒட்டி வரும். ஜாக்கி முழு வண்டியையும் தூக்கறதில்ல, ஒரு பக்கமோ ஒரு ஆக்ஸிலோதான் தூக்குது. கணக்குப்படி காலி வண்டிக்கு 2 டன் ஜாக்கி தாராளம்.

இருந்தாலும் நான் 3 டன்னுதான் சொல்லுவேன். எடைக்காக இல்லைங்க. 3 டன் ஜாக்கிக்கு பொதுவா அகலமும் நீளமும் கூட, சக்கரம் பெருசு, உயரமும் கொஞ்சம் கூட கிடைக்கும், அந்த அகலம்தான் வண்டி லேசா ஆடுறப்ப கவுந்துராம காப்பாத்தும். கையில தூக்கிட்டு அலைய வசதியா இருக்கும்னு ஒன்றரை டன் அலுமினிய ஜாக்கி பாக்கறாங்க, அது காருக்கு நல்லது, பிக்அப்புக்கு வேண்டாம். இரும்பு 3 டன் ஜாக்கி 30 கிலோவுக்கு மேல இருக்கும், சிமெண்ட் தரையில உருட்டிட்டுப் போக அது ஒண்ணும் பெரிய பாரமில்ல.

3. கடையில வெச்சே பாக்க வேண்டியது

டப்பாவைப் பிரிச்சு, ஜாக்கியை தரையில வெச்சு, கைப்பிடியை மாட்டி, சும்மா மேல வரைக்கும் அடிச்சுப் பாருங்க. கைப்பிடியைத் திருப்பினா வால்வு திறக்கணும், கொஞ்சமா திருப்பினா கொஞ்சமா இறங்கணும். சிலது கால் சுத்து வரைக்கும் சும்மா இருந்துட்டு அப்புறம் தொப்புன்னு விழும், அதை வாங்காதீங்க. நாளைக்கு வண்டியோட சேந்து அப்படித்தான் விழும். சுமை இல்லாம தானா இறங்காதுன்னா கடைக்காரரையே மேல ஒரு கால் வெச்சு அழுத்தச் சொல்லுங்க.

மேல வட்டமா இருக்கிற தலையில ஓரம் பல்லு மாதிரி எழும்பி இருக்கணும், தட்டையா இருந்தா ஆக்ஸில் குழாய் உருண்டுரும். பின்னாடி சக்கரம் ரெண்டும் எல்லா பக்கமும் லகுவா திரும்பணும்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல செகண்ட்ல வாங்கறவங்க, பம்ப் அடிச்சா வெளிய நீளுற ராடைப் பாருங்க. அந்த பளபள ராடுல துரு புள்ளியோ கீறலோ இருந்தா எண்ணெய் கசியாம பிடிக்கிற ரப்பர் சீல் சீக்கிரம் கிழியும். வெல்டிங் மேல புது பெயிண்ட் அடிச்சிருந்தா எதையோ மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். நான் அப்படி ஒண்ணு ஆசைப்பட்டு வாங்கி மூணு மாசத்துல பழைய இரும்புக்கு போட்டேன்.

4. ஜாக்கியோட சேத்தே வாங்க வேண்டியது

ஜாக்கி மட்டும் வாங்கிட்டு வர்றது பாதி சாமான் வாங்கின மாதிரி. ஜாக்கி தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு ஸ்டாண்ட். உள்ள இருக்கறது எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும், அந்த சீல் எப்ப விடும்னு முன்கூட்டி சொல்லிட்டா விடப் போகுது? அதனால ஒரு ஜோடி ஸ்டாண்ட் கட்டாயம். மேல எழுதியிருக்கிற டன் ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கான்னு படிச்சுப் பாருங்க, நிறைய பிராண்டுல ஜோடிக்குத்தான் போட்டிருப்பாங்க.

பல்லு வெச்ச ஸ்டாண்டும் இருக்கு, ஓட்டையில கம்பி சொருகற ஸ்டாண்டும் இருக்கு. பல்லு வெச்சது வசதி, கம்பி சொருகறது நிம்மதி. 2020ல அமெரிக்காவுல ஒரு பெரிய கடை வித்த பல்லு ஸ்டாண்டுங்களை லட்சக்கணக்குல திரும்ப வாங்கினாங்க, பல்லு சரியா கடிக்காம சுமையோட இறங்கிரும்னு. பல்லு ஸ்டாண்ட்தான் இருக்குன்னா குறுக்கே சொருகற பூட்டு பின் சேந்து வர்றதா பாத்து எடுங்க. அப்புறம் உயரம், அது ஆக்ஸில் குழாய் உயரத்துக்கு மேல நாலஞ்சு அங்குலமாவது வரணும், முதல்ல எடுத்த அளவு இங்கயும் உதவும்.

சக்கரத்துக்கு கட்டை ரெண்டு ஜோடி. ரப்பர்ல விக்கறாங்க, இல்லன்னா ஆசாரிகிட்ட சொல்லி நல்ல மரத்துல முக்கோணமா அறுத்து வாங்கிக்கங்க. ரோட்டோரக் கல்லு வேண்டாம், உருண்டைக் கல்லு சக்கரத்தோட சேந்து அதுவும் உருளும், செங்கல்லு நொறுங்கும்.

5. புது ஜாக்கிக்கு காத்து எடுங்க

லாரியில படுத்துட்டு வந்த ஜாக்கிக்குள்ள எண்ணெயோட காத்து கலந்திருக்கும். அடிச்சா மெத்து மெத்துன்னு இருக்கும், பாதியில நின்னுரும், ஜாக்கி கெட்டுப் போச்சுன்னு கடைக்கே திருப்பிக் கொண்டு போறவங்களும் உண்டு. வால்வை முழுசா திறந்து வெச்சுட்டு கைப்பிடியை பத்து பதினஞ்சு தடவை நீளமா அடிங்க, அப்புறம் வால்வை மூடி சுமை இல்லாம மேல வரைக்கும் ஏத்தி இறக்குங்க. இன்னும் மெத்துன்னு இருந்தா திரும்பவும் அதே.

6. இடம்

சிமெண்ட் தரை, மட்டமா. ஏன் தரையை இவ்வளவு சொல்றேன்னா, டிராலி ஜாக்கியோட தலை நேரா மேல போகாது, வில்லு மாதிரி வளைஞ்சு போகும். மேல போகப் போக தலை கைப்பிடி பக்கமா பின்னாடி வரும், அதனால ஜாக்கி தானா வண்டிக்கு அடியில கொஞ்சம் உருண்டு போயாகணும். மண்ணுல அது உருள முடியாது, சக்கரம் புதைஞ்சு நிக்கும். அப்ப ரெண்டுல ஒண்ணு நடக்கும், ஒண்ணு வண்டி ஜாக்கியைப் பாத்து இழுபடும், இல்லன்னா தலை ஆக்ஸில்ல இருந்து வழுக்கும். ரெண்டும் நமக்கு ஆகாது.

இதே காரணத்துக்காகத்தான் ஜாக்கி சக்கரத்துக்கு கட்டை குடுக்கக் கூடாது. ஒரு பையன் ரொம்ப பொறுப்பா ஜாக்கிக்கு நாலு பக்கமும் கல்லு வெச்சுட்டு அடிச்சிட்டு இருந்தான், திட்டவும் மனசு வரல.

தோட்டத்துல மண் தரைதான் இருக்குன்னா, ஜாக்கி முழுசா உக்காந்து முன்ன பின்ன உருள இடம் இருக்கிற மாதிரி கனமான இரும்பு ஷீட்டோ தடிமனான பிளைவுட்டோ போடுங்க. ஸ்டாண்டுக்கும் அப்படியே. தார் ரோடு சித்திரை வெயில்ல இளகும், ஸ்டாண்ட் கால் மெதுவா உள்ள இறங்கும், அங்கயும் பலகை வேணும்.

7. கட்டை, ஹேண்ட்பிரேக், கியர்

இங்க அவசரப்படாதீங்க. "கியர்ல போட்டிருக்கேன், எங்க போகும்"ன்னு சொல்றவங்களுக்காகவே இந்தப் பகுதி.

பின்சக்கரத்துல ஓடுற வண்டியில ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினீங்கன்னா கியர் பிடிப்பு போச்சு. டிஃபரன்ஷியலோட வேலையே ஒரு சக்கரம் ஒரு மாதிரியும் இன்னொண்ணு வேற மாதிரியும் சுத்த விடறதுதான். தூக்கின சக்கரம் அந்தரத்துல பின்பக்கமா சுத்தும், தரையில இருக்கறது முன்பக்கமா உருளும், இஞ்சின் அசையவே அசையாது, வண்டி மட்டும் நகரும். நம்பிக்கை இல்லன்னா ரெண்டு பின்சக்கரத்தையும் ஸ்டாண்ட்ல ஏத்தினப்புறம் கியர்ல போட்டுட்டு ஒரு சக்கரத்தை கையால சுத்திப் பாருங்க, இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சுத்தும். லாக் இருக்கிற டிஃபரன்ஷியல்னா வேற மாதிரி இருக்கும், ஆனா அதை நம்பியும் வேலை செய்யாதீங்க.

ஹேண்ட்பிரேக்? பெரும்பாலான பிக்அப்ல அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். ரெண்டு பின்சக்கரமும் மேல இருக்கறப்ப பிடிக்க வேண்டியதே அந்தரத்துல இருக்கு. முன்சக்கரம் ரெண்டும் எந்த பிரேக்கும் இல்லாம தள்ளுவண்டி மாதிரி நிக்குது.

அதனால எதைத் தூக்கறீங்களோ அதுக்கு எதிர்ப்பக்க ஆக்ஸில் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை. பின்னாடி தூக்கினா முன்சக்கரத்துக்கு, முன்னாடி தூக்கினா பின்சக்கரத்துக்கு. கட்டையை டயரோட ஒட்டி கால்ல தட்டி இறுக்குங்க, ரெண்டு அங்குலம் தள்ளி வெச்சா வண்டி அந்த ரெண்டு அங்குலம் ஓடி வந்துதான் நிக்கும், ஜாக்கி வழுக்க அதுவே போதும். அதுக்கப்புறம் ஹேண்ட்பிரேக், முதல் கியரோ ரிவர்ஸோ, சாவியை உருவி பாக்கெட்ல போட்டுக்கங்க. வீட்டுல வேலைன்னா குழந்தைங்க கேபின்ல ஏறி விளையாடும், சாவி அதுக்குத்தான்.

8. தூக்கறதுக்கு முன்னாடி மூணு வேலை

ஸ்டெப்னியை முதல்லயே எடுத்து வெளிய வெச்சிருங்க. நிறைய பிக்அப்ல அது பாடிக்கு அடியில தொங்கும், வண்டியை ஜாக்கியில நிறுத்திட்டு அடியில படுத்து அதை கழட்டறதுதான் இருக்கறதுலயே முட்டாள்தனம்.

சக்கரம் கழட்டறதா இருந்தா, டயர் தரையில இருக்கறப்பவே நட்டு ஒவ்வொண்ணையும் அரை சுத்து லூஸ் பண்ணி விடுங்க. துருப்பிடிச்ச நட்டுல தொங்கறப்ப வண்டி முழுசா ஆடும், ஜாக்கி மேல இருந்தா அந்த ஆட்டம் போதும் கீழ தள்ள. அரை சுத்துதான், முழுசா கழட்டிராதீங்க.

லோடு இருந்தா இறக்கிருங்க. பாதி இறக்கி ஒரு பக்கமா குவிச்சு வெக்கறது இன்னும் மோசம்.

9. எங்க வெச்சு தூக்கறது

வண்டியோட கையேட்டுல படம் போட்டிருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. பொதுவா:

பின்னாடி ஒரு சக்கரம்னா பட்டைக்கு பக்கத்துல ஆக்ஸில் குழாய்க்கு அடியில. ரெண்டும் தூக்கணும்னா நடு ஹவுசிங், கையேடு சரின்னு சொன்னா மட்டும். ஆக்ஸில் மேலயே பிரேக் பைப் ஓடும், தலை வைக்கிற இடத்துல அது மாட்டாம டார்ச் அடிச்சுப் பாருங்க. நசுங்கின பிரேக் பைப்பு அன்னிக்கு தெரியாது, மலை இறங்கறப்ப தெரியும். பட்டையை ஆக்ஸிலோட கட்டியிருக்கிற யூ போல்ட்டோட நட்டு நீட்டிட்டு இருக்கிற இடத்துலயும் வேண்டாம், தலை சாய்வா உக்காரும்.

முன்னாடி டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலயும் கீழயும் தனித்தனி கை) இருக்கிற டி-மேக்ஸ், ஹைலக்ஸ் மாதிரி வண்டியில தூக்கற மாதிரி ஆக்ஸில் கிடையாது. அங்க சேசிஸ் குறுக்கு மெம்பர், இல்லன்னா கையேட்டுல குறிச்சிருக்கிற சேசிஸ் இடம். ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ராடு, கீழ மூடியிருக்கிற தகடு, இது எதுலயும் ஜாக்கி படக் கூடாது. அந்தத் தகடு பாக்க கெட்டியா இருக்கும், சேறு தெறிக்காம இருக்க போட்டது அது.

இப்ப மரக்கட்டை விஷயம். தலை மேல கட்டை வெச்சா ரெண்டு வழுக்கற இடம் உருவாகுது, கட்டைக்கு கீழ ஒண்ணு மேல ஒண்ணு, போதாததுக்கு தலை வளைஞ்சு போறப்ப கட்டை சாயுது, சுமை ஏறினா நரம்போட பிளக்குது. உயரம் பத்தலைன்னா உயரமான ஜாக்கி, இல்லன்னா அந்த ஜாக்கி கம்பெனியே குடுக்கற நீட்டிப்புத் துண்டு.

10. தூக்கறது

வால்வை வலப்பக்கம் திருப்பி மூடுங்க, கைக்கு இறுகினா போதும். தலை தொடற வரைக்கும் அடிச்சுட்டு நிறுத்திட்டு குனிஞ்சு பாருங்க, நடுவுல உக்காந்திருக்கா, பல்லு ரெண்டு பக்கமும் அணைச்சிருக்கா. அப்புறம் டயர் லேசா கிளம்பற வரைக்கும் தூக்கி திரும்ப நிறுத்துங்க. கட்டை அசைஞ்சிருக்கா, ஜாக்கி நேரா நிக்குதா. இப்ப தப்பா இருந்தா இறக்கி திருத்த ஒரு நிமிஷம், மேல போனப்புறம் திருத்தவே முடியாது.

தேவையான அளவுக்கு மேல ஒரு அங்குலம் கூட வேண்டாம். உடம்புல எந்த பாகமும் அடியில இருக்கக் கூடாது, எட்டிப் பாக்கணும்னா வெளிய இருந்து டார்ச். கேபின்ல யாரும் உக்காந்திருக்கக் கூடாது, போன் பேசிட்டு இருக்கிற டிரைவர் அண்ணனா இருந்தாலும் இறங்கச் சொல்லுங்க.

11. ஸ்டாண்ட்ல உக்கார வைக்கறது

ரெண்டு ஸ்டாண்டும் ஒரே பல்லுல, பட்டைக்கு உள்பக்கமா ஆக்ஸில் குழாய்க்கு அடியில நேரா. பல்லு கடிச்சிருக்கான்னு லீவரை கீழ அழுத்திப் பாருங்க, பின் சொருகுங்க. ஜாக்கியை மெதுவா இறக்கி எடை முழுசா ஸ்டாண்டுக்கு போகட்டும்.

அப்புறம் வண்டியை வெளிய நின்னு பாடியைப் பிடிச்சு நல்லா ஆட்டுங்க. பயந்து பயந்து தொடாதீங்க, விழறதா இருந்தா நீங்க வெளிய நிக்கறப்பவே விழட்டும். ஆடலைன்னா ஜாக்கியை திரும்ப லேசா தொடற மாதிரி ஏத்தி அப்படியே விட்டுருங்க, கழட்டின சக்கரத்தை சேசிஸ்க்கு அடியில படுக்க போடுங்க. எல்லாமே கைவிட்டாலும் அந்த சக்கரத்தோட தடிமன் அளவு உயரமாவது மிச்சம் இருக்கும்.

12. இறக்கறது

அடியில கிடக்கிற ஸ்பேனர், துணி, கழட்டின சக்கரம் எல்லாம் எடுத்து எண்ணிப் பாருங்க. நட்டை கையால மாட்டி ஒண்ணுவிட்டு ஒண்ணு எதிரெதிரா லேசா இறுக்குங்க. ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டை உருவி, வால்வை துளித்துளியா இடப்பக்கம் திறங்க. பசங்க ஒரே சுத்துல திறந்து தடால்னு போடுவாங்க, கால் விரல் பக்கத்துல இருந்தா போச்சு.

டயர் தரையில உக்காந்தப்புறம்தான் முழு இறுக்கம், கையேட்டுல இருக்கிற டார்க் (இறுக்கற விசை) அளவுக்கு. ஸ்பேனர் மேல ஏறி குதிச்சா நட்டு மாட்டற ஸ்டட் நீளும், ஒரு நாள் ரோட்டுல முறியும். 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பாருங்க, இதை யாருமே செய்யறதில்ல. கட்டையை எல்லாத்துக்கும் கடைசியா எடுங்க.

13. ரோட்டுல லோடோட பஞ்சர் ஆனா

டிராலி ஜாக்கி அங்க உதவாது, சாய்வான ரோட்டோரமும் மண்ணும் அதுக்கு ஆகாது. ஆக்ஸில்ல வெக்கிற, பாட்டில் மாதிரி நேரா நிக்கிற பாட்டில் ஜாக்கியும் அதுக்கடியில போட ஒரு அகலப் பலகையும் வண்டியில இருக்கட்டும். வாங்கறப்ப லோடு எடையை வெச்சு டன் பாருங்க, சரக்கு பெரும்பாலும் பின் ஆக்ஸில் மேலதான் உக்காரும். டயர் காத்து இல்லாம படுத்தா ஆக்ஸில் ரொம்ப கீழ வந்துரும், பாட்டில் ஜாக்கி நுழையுமான்னு வீட்டுலயே ஒரு நாள் பாத்துக்கங்க. டயரை மாத்தறது மட்டும்தான் அங்க, அடியில படுக்கற வேலை எதுவும் கிடையாது.

14. ஜாக்கியைப் பாத்துக்கறது

வேலை முடிஞ்சா முழுசா இறக்கி வைங்க, ராடு உள்ள இருந்தா துரு பிடிக்காது. எண்ணெய் குறைஞ்சா ராடு முழுசா உள்ள இருக்கறப்ப மூடியைத் திறந்து ஹைட்ராலிக் ஆயில் ஊத்துங்க. கையில இருக்குன்னு பிரேக் ஆயில் ஊத்தினா சீல் ஊறி நாலே நாள்ல நாசம், இந்த தப்பு நானே ஒரு தடவை பண்ணியிருக்கேன். சைடுல இருக்கிற ஓவர்லோடு ஸ்க்ரூவை முறுக்கி "பவர் ஏத்தி" தர்றேன்னு யாராவது சொன்னா தொட விடாதீங்க, அளவுக்கு மேல சுமை வந்தா தூக்காம நிக்கறதுக்குத்தான் அது இருக்கு.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காலி வண்டியோட பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டை ஒரு அங்குலம் கீழ பாதுகாப்புக்கு வெச்சுட்டு, ராடுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு டீ குடிச்சுட்டு வாங்க. கோடு உள்ள போயிருந்தா சீல் மாத்தணும். எங்ககிட்ட இருக்கிற பழைய ஜாக்கி போன தடவை அரை அங்குலம் இறங்கியிருந்தது, சீல் கிட்டு வாங்கி வெச்சாச்சு, மாத்தற வரைக்கும் அது மேல சிவப்புத் துணி கட்டி மூலையில நிக்குது.